காலு பூரா ஒரே பக்கம்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அத மொதல்லயே சொல்லிடறேன், அப்புறம் யாரும் புதுசா கண்டுபுடிச்ச மாதிரி சொல்ல வேணாம். எம் பேத்தி அவ அப்பனோட போன என் வாயாண்ட புடிச்சிக்கினு குந்தியிருக்கா. நான் பேசப் பேச அது எழுதிக்குது. நடுவுல கோழிய வெரட்டுனேன், அதையும் எழுதிக்கிச்சாம். அழிடின்னா, "இருக்கட்டும் ஆயா, நல்லா இருக்குது"ன்றா. ரெண்டாங்கிளாஸ் படிக்கிறா. நொட்டாங்கைக்காரி, எல்லாத்துக்கும் இடது கைதான் முன்னாடி வரும். கத அவளோடது. ஆனா எங்கட்டைவிரல்லேருந்துதான் ஆரம்பிக்கணும்.

எங்கட்டைவிரல்ல ரேகை இல்ல. பொறக்கும்போது இருந்திருக்கும். பாவாட கட்டுன வயசுல நாத்து நட எறங்குனேன். நடவு நட்டவங்களப் போயிக் கேளுங்க, நாத்துக்கு முன்னாடி கட்டைவிரல்தான் சேத்துல எறங்கும். நடவு இல்லாத மாசம் கரும்புல சோவை உரிக்கறது, காஞ்ச எல கத்தி மாதிரி அறுக்கும். வூட்டுக்கு வந்தா கரி போட்டு ஏனம் தேய்க்கறது. எல்லாமா சேந்து ரேகையத் தின்னுடுச்சி. எனக்கே தெரியாது. கிருமாம்பாக்கத்துல நெட் சென்டர் பொண்ணு சொல்லித்தான் தெரியும்.

பென்சன் பேப்பருக்குக் கை வெக்கணும்னு மவன் வண்டியில இட்டுக்கினு போயிருந்தான். சோப்பு டப்பா அளவு ஒரு மெஷினு. வெச்சேன், செவப்பு லைட்டு. தொடச்சிட்டு வெச்சேன், செவப்பு. எண்ண தடவி, தண்ணி தடவி, மவன் சட்டையில தேச்சி வெச்சாலும் செவப்புதான்.

"பாட்டிம்மா, நீங்கதான்னு மெஷினு ஒத்துக்கல."

"நீ ஒத்துக்கிறியா?"

"நான் ஒத்துக்கிறேன், ஆனா மெஷினு..."

"அப்ப மெஷினு வூட்ல யாரு பெரியவங்களோ அவங்கள வரச்சொல்லு, நான் பேசிக்கிறேன்."

மவன் தலையில அடிச்சிக்கினான். அந்தப் பொண்ணு சிரிச்சிட்டு, ஒரு பேப்பர நீட்டி மையத் தொட்டு நாட்டு வெக்கச் சொல்லிச்சி. வெச்சேன். கோடு ஒண்ணு கூட விழல. கொழம்பு சிந்துன மாதிரி ஒரு கறை.

எனக்கு வந்த கோவம் இருக்குதே! கையெழுத்து போடத் தெரியாதவளுக்குக் கைநாட்டாவது இருந்துச்சி. மவனப் பள்ளிக்கூடத்துல சேத்தது இந்தக் கை. அவங்கப்பனுக்கு வயித்துல ஆபரேசன் பண்ணப்போ பேப்பர்ல வெச்சது இந்தக் கை. அந்த மனுசன் பல்லிக்கே பயப்படுவாரு, கத்தின்ன ஒடனே கட்டில்ல ஏறி நின்னுக்கினாரு, அது ஒரு கத, இப்ப வேணாம். நான்தான் நான்தான்னு இத்தினி வருசம் சொன்ன கைய ஒரு டப்பா வந்து இல்லன்னுது.

கையக் கூட கழுவாம நேரா பால்வாடிக்குப் போயிட்டேன். அங்க எனக்கு வேலயும் இல்ல, சம்பளமும் இல்ல. டீச்சருக்குப் போன்ல போட்டோ புடிச்சி ஏத்தவே பொழுது சரியாப் போயிடுது. பக்கத்துப் பள்ளிக்கூடம் வுட்டதும் ஒம்பது புள்ளைங்க அங்க வந்துடுங்க. கம்பெனிக்கு வேலக்கிப் போறவங்க பெத்த புள்ளைங்க. ஆறு மணிக்குக் கம்பெனி பஸ்சு வர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேன். எங்க மருமவளும் அந்த பஸ்சுலதான் வருவா.

சுவத்துல சாஞ்சி குந்துனேன். எழுந்திரிக்கும்போது கைய ஊனுனதுல சுவத்துல ஒரு கறை.

"ஆயா, எருமை!"ன்னான் ஒருத்தன்.

"எங்கடா எருமை?"

"தோ, படுத்துக்கினு இருக்குது பாரு."

ஒருத்தி கரித்துண்டு எடுத்தாந்து கொம்பு வெச்சா. கொம்ப வயித்துல வெச்சா. தலையில வெக்க மறந்துட்டியான்னு கேட்டா, "துன்னும்போது இடிக்கும் ஆயா"ன்றா. நியாயந்தான. எம் பேத்தி கிட்ட வந்து உத்துப் பாத்தா. "இது ஆயாதான்"னா. "ஒடம்புல கோடே இல்ல பாரு. யாரும் புடிக்க முடியாது, வழுக்கினு பூடும்."

அந்த மெஷினுக்கு என்னத் தெரியல, இதுங்களுக்குத் தெரிஞ்சிடுச்சி. நான் சிரிச்ச சிரிப்புல டீச்சர் போன வுட்டுட்டு வெளிய வந்துட்டாங்க.

மறுநாளு துணிக்குப் போடற சொட்டு நீலம் ஒரு பாட்டிலு வாங்கியாந்தேன். கரி எங்க வூட்டு அடுப்புல இருக்குது. நான் சொல்லிக்குடுத்தது இவ்ளோதான்: கட்டைவிரல நீலத்துல தொடு, சுவத்துல வை, பக்கத்துல பக்கத்துல வெச்சிக்கினே போ, ஒடம்பு வரும். அப்புறம் கரியால காலு, வாலு, கண்ணு, இன்னா வேணுமோ அது. ஒண்ணே ஒண்ணு, ஊருல இருக்கற மிருகமா இருக்கக்கூடாது. உன்ன மாதிரி இருக்கணும்.

மொத நாளு அத்தினியும் மயிலு போட்டுதுங்க. புஸ்தகத்துல பாத்தது. "மயிலு ஏற்கனவே இருக்குதுடா, அதுக்கு நீ வேணாம். உன்ன யாரு போடுவா?"ன்னேன்.

"என்ன மாதிரி மிருகமே இல்லியே ஆயா."

"அதனாலதான் சொல்றேன். உனக்கு இன்னா பயம்? இன்னா ஆச? உன்ன இன்னா சொல்லிக் கிண்டல் பண்றானுங்க? அதுக்குக் கால வை, எழுந்து நிக்கட்டும்."

முன்னாடி ரெண்டு பல்லு விழுந்தவன் ஒருத்தன், ஒடம்பே வாயா ஒண்ணு போட்டான். உள்ள ஒரே ஒரு பல்லு, அந்தப் பல்லுக்கு ஒரு கண்ணு. பல்லே எட்டிப் பாத்துட்டுத்தான் கடிக்குமாம். அப்பன் துபாய்ல இருக்கறவ ஒரு கொக்கு போட்டா, கழுத்துக்குப் பதிலா சார்ஜர் ஒயரு. போன் வந்தாதான் பறக்குமாம். கரிக்கலாம்பாக்கம் பக்கம் நெலத்த வாங்கி பிளாட்டு போட்டு விக்கிறவரு ஒருத்தரு எங்க ஊருல இருக்காரு, அவரு பொண்ணு ஒரு மாடு போட்டா. திமிலு இருக்கற எடத்துல வெள்ளக் கல்லு நட்டு, கல்லு மேல நம்பரு.

எம் பேத்தி மட்டும் குந்திக்கினே இருந்தா. நொட்டாங்கைய பாவாடைக்கு அடியில ஒளிச்சி வெச்சிருந்தா. அது அவளுக்குப் பழக்கமாப் போச்சி. எம் மருமவ பன்னெண்டாவது படிச்சவ. புள்ள பென்சில நொட்டாங்கையில எடுத்தா, புடுங்கி சோத்தாங்கையில வெப்பா. அடிக்க மாட்டா, அதச் சொல்லணும். ஆனா வெச்சிக்கினே இருப்பா. சோறு துன்னும்போது நானும்தான் சோத்தாங்கைன்னு சொல்லியிருக்கேன், இல்லன்னு சொல்லல. ஆனா புள்ள தன் கையையே பாத்து திருட்டு முழி முழிக்கறது எனக்குத் தாங்கல.

"ஆயா, எந்தக் கையால வெக்கணும்?"

"எந்தக் கை ஆசப்படுதோ அந்தக் கையால வை."

கொஞ்ச நேரம் என் மூஞ்சியப் பாத்தா. அப்புறம் கைய வெளிய எடுத்தா. நீளமா ஒண்ணு போட்டா, ஓணானும் இல்ல ஒட்டகமும் இல்ல. காலு ஏழு. ஏழும் இடது பக்கமே. அந்தாண்ட ஒண்ணு கூட இல்ல.

"விழுந்துடாதாடி?"

"விழாது ஆயா. சுவத்துல சாஞ்சிக்கினே நடக்கும்."

அன்னிக்குப் புள்ள வூட்டுக்குக் குதிச்சிக்கினு வந்தா. ரெண்டு கையையும் ஆட்டிக்கினு.

வெவகாரம் ஒரு வாரத்துலயே வந்துடுச்சி. யாரோ சுவத்தப் போட்டோ புடிச்சி அம்மாங்க குரூப்புல போட்டுட்டாங்க. பால்வாடியப் பாக்க மேலேருந்து ஆளுங்க வர்றாங்கன்னு வேற பேச்சு. ஞாயித்துக்கிழம எல்லாரும் வந்து நின்னாங்க. பிளாட்டுக்காரரு கையில சுண்ணாம்பு டப்பாவும் ரெண்டு பிரஷும்.

"ஆயா, நாங்க காசு செலவு பண்ணி புள்ளைங்களப் படிக்க வெச்சா, நீ கைநாட்டு வெக்கக் கத்துக்குடுக்கறியா? நாலு பேரு பாத்தா இன்னா சொல்லுவான்?"

"இன்னா சொல்லுவான் தம்பி? கைநாட்டுன்னுவான். நான்தான் கைநாட்டு. தோ நிக்கிறேன், சொல்லு."

"உன்னச் சொல்லல ஆயா..."

"என்னத்தான் சொன்ன. பரவால்ல, சத்தமா சொல்லு."

டீச்சர், "ஆயா, எனக்கு ஏன் வம்பு, அடிச்சிடட்டுமே"ன்னாங்க. பாவம், அவங்களுக்கு வேல பயம். அவங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா கூட்டத்துலேருந்து எம் மருமவ முன்னாடி வந்தா பாருங்க, அதுதான் எனக்கு சுருக்குன்னுச்சி.

"அத்தே, அவரு சொல்றது சரிதான். எங்கம்மா இன்னா பேப்பருன்னே தெரியாம நாட்டு வெச்சித்தான் எங்க நெலம் போச்சி. எம் பொண்ணு கட்டைவிரலு மையில படக்கூடாது. அதுவும் நொட்டாங்கை."

கண்ணுல தண்ணி நிக்குது அவளுக்கு. அவ சொன்னதுல பொய் இல்ல. அவங்கம்மாவ எனக்குத் தெரியும், கடசி வரைக்கும் அந்த நெலத்துப் பக்கமே திரும்பாம நடந்தவ. ஆனா நான் வுடல.

"உங்கம்மா கை தப்பு பண்ணலம்மா. எழுதத் தெரிஞ்சவன் கைதான் தப்பு பண்ணிச்சி. நீ ஏன் விரலு மேல பழி போடற?"

நான் பிளாட்டுக்காரரு கையிலேருந்து பிரஷ்ஷ வாங்கி நீட்டுனேன். "அடிங்க. நான் தடுக்க மாட்டேன். ஆனா அவங்கவங்க புள்ளையோடத அவங்கவங்கதான் அடிக்கணும். எது உன் புள்ளன்னு கண்டுபுடிச்சிட்டு அடி."

எல்லாரும் சுவத்தாண்ட போனாங்க. பெத்தவங்களுக்குத் தெரியாமயா பூடும்? ஆனா பல பேருக்குத் தெரியல. ஒருத்தி வாய்க்குள்ள ஒத்தப் பல்லப் பாத்ததும் "அய்ய, எங்கூட்டுது"ன்னு சிரிச்சிட்டு, பிரஷ்ஷ அடுத்தவ கையில குடுத்துட்டு நகந்துட்டா. பிளாட்டுக்காரரு மூணு மிருகத்த மாறி மாறி பாத்தாரு. அவரு பொண்ணே வந்து காட்டிச்சி.

"தோ, இதுதாம்ப்பா நானு."

"முதுகுல இன்னாடி கல்லு?"

"கல்லு நட்டா யாரும் உள்ள வரக்கூடாதுன்னு நீதான சொன்ன. கிளாஸ்ல எல்லாரும் என் ஜடையப் புடிச்சி இழுக்கறாங்க. அதான் நட்டுட்டேன்."

மனுசன் குந்தி அந்தக் கல்லத் தடவிப் பாத்தாரு. "யாருடி இழுக்கறது?"ன்னாரு. அப்புறம், "பதினேழுன்னு போட்டிருக்க. கார்னர் பிளாட்டா?"

"கார்னருதாம்ப்பா."

சிரிப்ப அடக்கிக்கினு டப்பாவக் கீழ வெச்சிட்டாரு. ஒவ்வொருத்தரா கெளம்புனாங்க. சரி, முடிஞ்சிதுன்னு நெனச்சேன். முடியல. எம் மருமவ அந்த டப்பாவ எடுத்தா. அவளுக்குக் கண்டுபுடிக்க நேரமே ஆவல. காலு பூரா ஒரே பக்கம் இருக்கறது எதுன்னு பாத்தா, நேரா போனா, ரெண்டே இழுப்பு. வெள்ளையடிச்சிட்டா.

நாந்தான பேசுனேன், அவங்கவங்க புள்ளையோடத அடிக்கலாம்னு. வாய மூடிக்கினு நின்னேன். பேத்தி அழல. கைய மட்டும் மறுபடி பாவாடைக்குள்ள வெச்சிக்கினா. என்ன செருப்பால அடிச்சிருந்தா கூட அம்மாம் வலிச்சிருக்காது.

மறுநாளு சாயங்காலம் நீல பாட்டில எடுக்கறதா வேணாமான்னு யோசன பண்ணிக்கினு போறேன். புள்ளைங்க சுவத்தச் சுத்தி நிக்குதுங்க. மத்த எடம் பூரா மழைக்குப் பூசணம் பூத்து, பழுப்பேறிப் போன சுவரு. சுண்ணாம்பு அடிச்ச அந்த எடம் மட்டும் பளிச்சுன்னு, புதுப் பேப்பரு மாதிரி. எம் பேத்தி அங்க முட்டி போட்டு குந்தியிருக்கா. பாட்டில அவளே எடுத்துட்டா. நொட்டாங்கை கட்டைவிரலு நீலமா இருக்குது. மொதல்ல போட்டதவிட பெருசு. காலு பதினொண்ணு. எல்லாம் இடது பக்கம்.

"ஆயா, இங்க நல்லாப் புடிக்குது பாரு. ரேகை கூடத் தெரியுது."

பாத்தேன். தெரிஞ்சிச்சி. எங்கிட்டேருந்து போன கோடெல்லாம் அங்க வளையம் வளையமா விழுந்திருந்துச்சி. யாரு வேணா எண்ணிக்கலாம்.

ஆறு மணிக்கு பஸ்சு வந்துச்சி. எம் மருமவ டிபன் பையோட வந்து பின்னாடி நின்னா. நான் எழுந்திரிக்கல, நீல பாட்டிலையும் மறைக்கல. அவ மிருகத்தப் பாத்தா, புள்ள கையப் பாத்தா, என்னப் பாத்தா.

"இந்தப் பக்கம் ஒரு காலாவது வெக்கக்கூடாதாடி?"

"வேணாம்மா. சாஞ்சிக்கச் சுவரு இருக்குது."

துப்பட்டாவ நனச்சி புள்ள விரலத் தொடச்சா. நீலம் போவல. இன்னொருவாட்டி தொடச்சா, போவல. அப்புறம் அந்தக் கையையே புடிச்சிக்கினு வூட்டுக்கு இட்டுக்கினு போனா. பென்சில அவ இன்னும் மாத்தி வெக்கறா, தினம் இல்ல, ஞாபகம் வந்தா.

சுண்ணாம்பு டப்பா பால்வாடி மூலையிலயே இருக்குது, பாதிக்கு மேல மிச்சம். மேலேருந்து வர்றவங்க இன்னும் வரல. வரட்டும். அடிக்கணும்னா அடிக்கட்டும், சுவரு வெள்ளையாவும். நீலம் எங்கிட்ட ரெண்டு பாட்டிலு இருக்குது.