ஜெயசுதாவின் பெட்டி

எதைக் கண்டாலும் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிடுவாள் ஜெயசுதா. பக்கத்து வீட்டு பிரிட்ஜின் முதுகு, மளிகைக்கடைக்காரரின் செல்போன் சார்ஜர், எதுவும் தப்பாது. "இன்னாக்கா, அதுக்குக் காய்ச்சலா?" என்று யாராவது கேட்டுவிட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும். "சுடுதுன்னா கரண்ட்டு வீணாப் போவுதுன்னு அர்த்தம்பா!"

சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் சர்க்யூட் போர்டு சோதித்தவள். சொந்தமாகப் பெட்டி செய்கிறேன் என்று வேலையை உதறிவிட்டுக் கிருமாம்பாக்கத்து வீட்டின் பின்னறையில் உட்கார்ந்தாள். திருவிழா ஆம்ப்ளிபயருக்கு இரண்டாயிரம் வாட் கொடுக்கும் பவர் சப்ளை. இரண்டு ஆள் தூக்குகிற இரும்பு டிரான்ஸ்பார்மருக்குப் பதிலாக, கரண்ட்டை நொடிக்கு லட்சம் முறை வெட்டி வெட்டி அனுப்பும் பெட்டி; ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். நூறு வாட் வாங்கினால் தொண்ணூறு கொடுத்தது, மீதி சூடாகப் போனது. போதுமென்று விட்டாளா? அதுதான் இல்லை. காயில் கம்பியைக் கழற்றிச் சுற்றினாள், மறுபடி கழற்றினாள். அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. பெட்டியில் தொண்ணூற்றைந்து வந்தது.

அதைத்தான் சவுண்ட் சர்வீஸ் அன்புராஜ் சாமி ஊர்வலத்துக்கு எடுத்துப்போனான். நடுவழியில் யாரோ சீரியல் லைட் அத்தனையையும் ஒன்றாக அணைக்க, சுமை குறைந்த ஜெனரேட்டர் இருநூற்று முப்பதிலிருந்து முந்நூறு வோல்ட்டுக்கு எகிறியது. படாரென்று வெடித்தது பெட்டி. பாட்டில்லாமல் சாமி நடுத்தெருவில் நின்றது. ஒரு மாதம் வீட்டுக் கரண்ட்டிலேயே சோதித்தவளுக்கு ஜெனரேட்டர் நினைப்பே வரவில்லை, பாவம்! அன்று முழுக்க அழுதாள். மறுநாளே உள்ளிருந்த பாகங்களை, கூடுதல் வோல்ட் தாங்குபவையாக மாற்றத் தொடங்கிவிட்டாள்.

இன்று காலை மினிலாரியில் ஜெனரேட்டரோடும் சீரியல் லைட்டுகளோடும் வந்தான் அன்புராஜ். "இந்த வாட்டியும் பூட்ச்சின்னா அவ்ளோதாங்க்கா. பழைய இரும்பையே வச்சிக்கிறேன்." அவன் வேண்டாமென்றால் சுற்றுவட்டாரத்தில் வேறு எந்த சவுண்ட்காரரும் தொடமாட்டார். அது அவளுக்கும் தெரியும்.

பெட்டியை ஜெனரேட்டரில் மாட்டிவிட்டு, "எல்லா லைட்டையும் ஒண்ணா அணை," என்றாள். அணைத்தான். மீட்டர் முந்நூற்றுப் பத்துக்குத் துள்ளியது. பெட்டி அசரவே இல்லை, தன்பாட்டுக்கு ஓடியது.

"மறுபடி அணை."

பத்து முறை அணைக்க வைத்தாள்.

"சூப்பர்க்கா! சாயந்தரம் பாகூர்ல ஊர்வலம், எடுத்துக்கினு போறேன். நீ நிம்மதியா படுத்துத் தூங்கு."

"ம்," என்றாள்.

பெட்டியை ஏற்றிவிட்டு வண்டியைக் கிளப்பியவன் கண்ணாடியில் பார்த்தான். நைட்டிமேல் துண்டைப் போட்டபடி, ஒரு கையில் ஸ்க்ரூடிரைவரோடு பின்னால் ஏறி நின்று, லாரியின் பின்கதவை இழுத்துத் தானே கொக்கி மாட்டிக்கொண்டிருந்தாள் ஜெயசுதா.