கரும்பலகைக்காக நகர்த்திய மேசை

ஆசீர்வாதம் உபதேசியாருக்குக் கிரேக்க மொழியில் ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டே மாதக்கணக்காக எங்களைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். இரண்டு வார்த்தை தெரிந்திருந்தால் எங்கள் கதி என்ன ஆகியிருக்குமோ, கர்த்தருக்கே வெளிச்சம்.

ருவான்வெல்லைக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டத்தில் வேதக்காரர் என்று பத்துப் பன்னிரண்டு குடும்பம். மற்றவர்களெல்லாம் மாரியம்மன் கோயில் சனம். எங்களுக்கென்று தகரக் கூரை போட்ட சின்ன ஜெபவீடு ஒன்று உண்டு. போதகர் ஐயர் கேகாலையிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். இடைப்பட்ட நாளெல்லாம் உபதேசியார் ராஜ்ஜியம்.

அவரும் ஒரு காலத்தில் எங்களோடு பால் வெட்டியவர்தான். நல்ல குரல், சிங்களமும் சரளம் என்று சபையார் உபதேசியாராக்கினார்கள். அன்றைக்கே வெட்டுக் கத்தியைக் கீழே வைத்தார். வெள்ளைச் சட்டையும் குடையும் வந்தன. தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலிலிருந்து அவர் பேர் போயிற்று. தோட்டத்தில் செக்ரோலில் பேர் இருக்கிறவர்களுக்குத்தான் லயத்து வரிசை வீட்டில் காம்பரா என்கிற அறை. ஆகவே அவர்கள் குடியிருந்த காம்பரா அவர் மனைவி கருப்பாயியின் கத்தியில் நின்றது. ஞானஸ்நானத்தில் அவளுக்கு வைத்த பேர் சலோமி. அவர் மட்டுமே அப்படிக் கூப்பிடுவார். ஒரே மகள் விஜயகலா எம்பிலிப்பிட்டிய பக்கம் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நான் அடுத்த காம்பரா. கருப்பாயியோடு ஒரே மலையில் பால் வெட்டியவள். லயத்துச் சுவர் கூரை வரை போவதில்லை. அவர்கள் வீட்டில் தும்மினால் எங்கள் வீட்டில் 'நூறு' சொல்லலாம். அதனால் நான் சொல்வதில் பாதி கண்டது, பாதி கேட்டது.

தொண்ணூற்றேழாம் ஆண்டு கேகாலையில் உபதேசியார்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். நடத்தியவர் எங்கள் செல்வரட்ணம் ஐயர், யாழ்ப்பாணத்துக்காரர், படித்த மனிதர். புதிய ஏற்பாடு முதன்முதல் கிரேக்கத்தில் எழுதப்பட்டது என்று சொல்லி, 'பார்' என்பதற்கு அதில் வரும் ஒரு வார்த்தையைப் பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறார். நம்முடைய ஆள் மயங்கிப் போனார். பஸ்ஸை விட்டு இறங்கி, கால்கூடக் கழுவாமல் ஆரம்பித்தார்.

"சலோமி, ஹொராஓன்னு ஒரு வார்த்த. கண்ணால பாக்குறதுக்கும் அதான். மனசால வெளங்கிக்கிறதுக்கும் அதான். ஒண்ண அனுபவிக்கிறதுக்கும் அதான். சிமியோன் கெழவர் கிறிஸ்துவப் பாக்குற வரைக்கும் சாவப் பாக்க மாட்டார்னு இருக்குல்ல? அங்கயும் அந்த வார்த்ததான்!"

"சாப்பிடுங்க, ஆறிப்போவுது," என்றாள் கருப்பாயி. கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு வலது கண்ணு ஓரமெல்லாம் பொக மூட்டமா இருக்குதுங்க. எடதுலயும் இப்ப தொடங்கிருச்சு. ஆஸ்பத்திரிக்கு ஒருக்கா போயிட்டு வருவமா?" என்று கேட்டாள்.

"ம்," என்றார் உபதேசியார். பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு அவள் அவரிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எங்களிடம் சொன்னாள். சொன்னதோடு சத்தியமும் வாங்கினாள். கண் தெரியாதவள் பால் வெட்ட முடியாது என்று வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் ஐயா காதில் விழுந்தால் பேர் போகும், பேர் போனால் காம்பரா போகும். உபதேசியார் வாயில் எதுவும் நிற்காது என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆகவே மலையில் நாங்கள் பெண்கள் ஒரு வழி செய்துகொண்டோம். அவரவர் மரங்களை விரசாக வெட்டிவிட்டு அவள் மரங்களுக்குப் போவோம். சிரட்டையில் சேர்ந்த பாலை அவள் வாளிக்கு ஊற்றிக் கொடுப்போம். பால் கொடுக்க ஸ்டோருக்கு இறங்கும்போது எங்களில் ஒருத்தி முன்னே பேசிக்கொண்டே நடப்பாள், கருப்பாயி அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு வருவாள்.

வீட்டில் அவள் டீ ஊற்றும்போது கோப்பை விளிம்புக்குள் ஒரு விரலை வைத்துக்கொள்வாள். சூடு விரலில் பட்டதும் நிறுத்துவாள். ஒருநாள் சுவருக்கு அந்தப்பக்கம் உபதேசியார் சீறினார்.

"என்னா இது, வெரல உள்ள விட்டு ஊத்துற? அசிங்கமா இல்ல?"

"இனிமே விடலீங்க," என்றாள் அவள். மறுநாளிலிருந்து டீ எப்போதும் பாதிக் கோப்பைதான் வந்தது. அதற்கும் அவர் முணுமுணுத்தார்.

இதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் அமோகமாக நடந்தது. ஒரு மாதம் முழுக்கக் கண்ணால் காண்பது. அடுத்த மாதம் விளங்கிக்கொள்வது. இளவட்டங்கள் அவருக்கு 'ஹொரா உபதேசியார்' என்று பேரே வைத்துவிட்டார்கள். சிங்களத்தில் ஹொரா என்றால் திருடன். அவருக்கு அது கேலி என்று தோன்றவில்லை.

நாங்கள் எவ்வளவு கை கொடுத்தாலும் எல்லா மரத்தையும் பிடிக்க முடியுமா? ரப்பர் மரத்துப் பட்டையைக் கொஞ்சம் ஆழமாகச் சீவினால் உள்மரம் காயப்படும். காயம் ஆறி முண்டு முண்டாகத் தடித்துவிட்டால் அந்த இடத்தில் மறுபடி வெட்ட முடியாது. கருப்பாயியின் மரங்களில் காயம் கூடிக்கொண்டே போனது. அவளுக்கு அரைப்பேர், அதாவது பாதிநாள் சம்பளம், போட்டார்கள். கடைசியில் கண்டக்டர் ஐயா உபதேசியாரையே மலைக்குக் கூட்டிவந்து, எல்லார் முன்னிலையிலும் ஒரு மரத்தைக் காட்டினார்.

"உபதேசியார், ஒங்க சம்சாரம் வெட்டுன லட்சணத்தப் பாருங்க. மரம்னு நெனச்சாங்களா, கருவாடுன்னு நெனச்சாங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உபதேசியார் முகம் கறுத்துவிட்டது. மரத்தைப் பார்த்தார், காயத்தைப் பார்த்தார். பக்கத்தில் வாளியோடு நின்றவளை மட்டும் ஏறிட்டும் பார்க்காமல் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வந்த அர்த்தம், எச்சரிக்கையாயிருப்பது, பொறுப்பெடுத்துப் பார்த்துக்கொள்வது. சுகமான குஷ்டரோகியிடம் இயேசு, பார், ஒருவருக்கும் சொல்லாதே என்கிறாரே, அங்கே அந்த வார்த்தை. பிலாத்து கை கழுவிவிட்டு, இனி உங்கள் பொறுப்பு என்று கூட்டத்திடம் தள்ளிவிடுகிறானே, அங்கேயும் அதே வார்த்தை. இதெல்லாம் நன்றாகத்தான் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நமக்குள்ளயும் ஒரு ஆள் இருக்கு," என்றார். "கர்த்தர் குடுத்த வேலைய அக்கறையாப் பாக்காம, கையில கத்திய வச்சிக்கிட்டு மரத்த நாசம் பண்ற ஆள். பேர் சொல்ல விரும்பல."

சொல்லவும் தேவையில்லை. பெஞ்சிலிருந்த அத்தனை தலையும் கவிழ்ந்தது. நான் எழுந்தே விட்டேன். பக்கத்திலிருந்த கருப்பாயி என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள்.  "காம்பரா போயிரும்டி," என்று காதோடு சொன்னாள். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

அடுத்த ஞாயிறு ஐயர் வரும் முறை. கற்றுக்கொடுத்தவர் முன்னாலேயே கடைசி அர்த்தத்தைச் சொல்லிப் பெயர் வாங்கிவிட வேண்டும் என்று உபதேசியாருக்கு ஒரே துடிப்பு. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகை கேட்டு வாங்கினார். அதை நடுவில் நிறுத்தினால்தான் எல்லோருக்கும் தெரியும் என்று, திருவிருந்து மேசையைச் சுவரோரமாக ஒதுக்கினார். பலகையில் அந்தக் கிரேக்க வார்த்தையைப் பெரிதாக எழுதினார்.

எங்கள் சபையில் அப்பத்தையும் திராட்சரசத்தையும் மேசைக்குக் கொண்டுவந்து வைப்பது உபதேசியார் மனைவியின் வேலை. கருப்பாயிக்கு அந்த ஜெபவீட்டில் கண் தேவைப்படவில்லை. பெஞ்சு முனையைத் தொட்டுக்கொண்டு நேரே நடந்து, கையை நீட்டினால் மேசை. எத்தனை வருஷப் பழக்கம்.

ஆண்டவர் உயிர்த்தெழுந்த பிறகு சீஷர்களுக்குக் காணப்பட்டார், அதுவும் இதே வார்த்தைதான், கண் முன்னால் வந்து நிற்பதையும் அது சொல்லும் என்று உபதேசியார் முழங்கி முடித்தார். ஐயர் தலையசைத்தார். பாட்டு ஆரம்பித்தது. கருப்பாயி அப்பத் தட்டையும் பாத்திரத்தையும் ஏந்திக்கொண்டு பின்னாலிருந்து வந்தாள். பெஞ்சு முனையை முழங்கையால் தொட்டாள். நேரே நடந்தாள். கரும்பலகைக்கு முன்னே, மேசை எப்போதும் இருக்கும் இடத்தில், ரொம்ப மரியாதையாகக் குனிந்து இரண்டையும் வைத்தாள்.

அங்கே மேசை இல்லை.

பாத்திரம் சிமெந்துத் தரையில் விழுந்து உருண்டது. ரசம் அவள் வெள்ளைச் சேலையிலும் கால்களிலும் சிதறியது. அவள் முழங்காலில் உட்கார்ந்து தரையைத் தடவ ஆரம்பித்தாள். அப்பம் ஒருபக்கம் கிடக்க, அவள் கை வேறொரு பக்கம் தேடியது.

பாட்டு நின்றது. நாங்கள் பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடினோம். ஒருத்தி அவளைத் தூக்கினாள். ஒருத்தி அப்பத்தைப் பொறுக்கினாள். நான் என் முந்தானையால் அவள் காலைத் துடைத்தேன். யாரும் யாரையும் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. அதைத்தான் உபதேசியார் பார்த்துக்கொண்டு நின்றார். ஊருக்கே தெரிந்திருக்கிறது, தனக்கு மட்டும் தெரியவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். சோக்குக்கட்டி கையிலேயே இருந்தது.

ஐயர் மெதுவாகத்தான் கேட்டார். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

"ஆசீர்வாதம், உம்மட மனுசிக்குக் கண் தெரியேல்லை. உமக்குத் தெரியாதோ?"

உபதேசியார் சுவரோரம் ஒதுக்கிய மேசையைத் திரும்பிப் பார்த்தார்.   அவர் வெட்கப்பட்டு நின்றதைப் பார்த்து எனக்குத் திருப்தியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருக்கவில்லை. பார்க்கச் சகிக்கவில்லை.

அந்த வாரமே கொழும்புக்குக் கூட்டிப்போனார். அவர்களோடு நானும் போனேன். வழியெல்லாம் செக்பொயின்ட்டில் இறங்கி இறங்கி அடையாள அட்டை காட்டிப் போய்ச் சேர்ந்தோம். கண்ணுக்குள்ளே அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போயிருக்கிறது என்றார் டொக்டர். "கலின் ஆவா நம்..." என்று சிங்களத்தில் இழுத்தார். முன்னமே வந்திருந்தால் என்று அர்த்தம். உபதேசியாருக்குச் சிங்களம் நன்றாகவே விளங்கும். போன பார்வை திரும்பாது, மிச்சத்தையாவது நிறுத்திப் பார்க்கலாம் என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். அந்த மிச்சமும் நிற்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் கேட்டார். "என்கிட்ட ஏன் சொல்லல, சலோமி?"

"சொன்னேனுங்க. கேகாலையிலருந்து வந்த அன்னிக்கு. 'ம்'ன்னீங்க."

அவருக்கு ஞாபகமே இல்லை. யோசித்து யோசித்துப் பார்த்தார். அன்றைக்குத் தான் எழுதிய குறிப்பு ஒவ்வொன்றும் ஞாபகம் இருந்தது, அவள் சொன்னது மட்டும் இல்லை. பிறகு பஸ் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, "பிலாத்துக்காவது கை கழுவுனது தெரியும்," என்றார். அவிசாவளை வரை அப்படியே அழுதுகொண்டு வந்தார். கருப்பாயி அவர் தோளைத் தடவிக் கொடுத்தபடி இருந்தாள்.

கருப்பாயியின் பேரைச் செக்ரோலிலிருந்து வெட்டினார்கள். காம்பரா போகாமல் இருக்க ஒரே வழிதான் இருந்தது. ஐம்பது தாண்டிய வயதில் உபதேசியார் மறுபடி, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் வந்து நின்றார். கண்டக்டர் ஐயா வேண்டுமென்று செய்தாரோ என்னவோ, அவள் வெட்டிய மரங்களையே அவருக்குக் கொடுத்தார். தடித்துப்போன காயங்களைத் தாண்டித் தாண்டி அவர் வெட்டுவார். சில மரத்தடியில் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த முண்டுகளைக் கையால் தடவியபடி நின்றுவிடுவார். இளவட்டங்கள் ஹொரா என்று கூப்பிட்டால் தலை நிமிர மாட்டார். ஜெபவீட்டில் வேதபாடத்தை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். பிரசங்கம் கேட்டால், ஐயர் வந்து செய்வார் என்பார். சாகும்வரை, அது இரண்டாயிரத்து எட்டு, அப்படித்தான் இருந்தார்.

டீயும் அவரே ஊற்றுவார். தளும்பத் தளும்ப ஊற்றி அவள் கையில் பிடித்துக் கொடுப்பார்.

ஒருநாள் சாயங்காலம் கருப்பாயி கேட்டது எனக்குக் கேட்டது.

"அன்னிக்குப் பலகையில எழுதுனீங்களே ஒரு வார்த்த. அது எப்படிங்க இருக்கும்? எனக்குத் தெரியவே இல்ல."

கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் வந்தது. பிறகு, "கையக் குடு," என்றார். நான் கூடை எடுக்கிற சாக்கில் வாசலுக்கு வந்தேன். அவர்கள் கதவு திறந்திருந்தது. அவள் உள்ளங்கையை மடியில் வைத்து, விரலால் ஒரு வட்டம் போட்டார். அதுதான் முதல் எழுத்து. அதற்குமேல் விரல் நகரவில்லை. தோள் குலுங்கியது. கண்ணீர் அவள் கையில் விழுந்திருக்க வேண்டும், அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அவ்வளவுதானுங்களா?" என்று கேட்டாள்.

"அவ்வளவுதான்," என்றார்.