எடை பார்க்கும் வரை தண்ணீர் கிடையாது

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது நான்கு, நாத்தனார் விட்டுப்போன ஒன்றையும் சேர்த்து ஐந்து பேரை வளர்த்தேன். ஐந்தில் ஒன்றுகூட நோஞ்சான் இல்லை. கேரள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். இன்றைக்கும் ஆறு மாடு நிற்கிறது, ஆறையும் நான்தான் கறக்கிறேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பால் சொசைட்டியில் கையெழுத்துப் போடுவேன், பொள்ளாச்சி பஸ்ஸின் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேரன் எழுதுகிறான். மூத்த மகனின் பையன், பிளஸ் ஒன் படிக்கிறான். இது அவனைப் பற்றியதுதான். எழுத மாட்டேன் என்று இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தான்.

அவன் பள்ளிக்கூடத்தில் வடம்வலி அணி இருக்கிறது. கயிறு இழுக்கும் போட்டிக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பேர். அவனை அணியில் சேர்க்கலாமா என்று கேட்க, விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கிற மாஷ் வீட்டுக்கே வந்தார். மருமகளுக்கு இஷ்டமில்லை.

"படிக்கிற புள்ளைக்குக் கயிறு எதுக்குங்க அத்தை?"

"போனைப் புடிச்சுக்கிட்டுக் கட்டல்ல கெடக்கறதுக்கு அது தேவலை, போகட்டும் போ," என்றேன். எங்கள் வீட்டில் என் பேச்சுக்கு மேல் பேச்சில்லை.

நல்லதுதான் நடந்தது, அதை மறைக்கக் கூடாது. விடியும் முன்பே எழுந்தான். தோள் விரிந்தது. பசுந்தீவனக் கட்டை நான் சொல்லாமலே தூக்கினான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பால் சொசைட்டியில் நின்று, "என்ற பேரன் இழுத்தா தென்னமரமே சாஞ்சிருமாக்கும்," என்றேன்.

"அப்பறம் தேங்கா பறிக்க ஆளு எதுக்குங்கம்மா? மரத்தையே சாய்க்கச் சொல்லுங்க, நாங்க குனிஞ்சு பொறுக்கிக்கறோம்," என்றார் பால் அளக்கிறவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இழுக்கிற பிள்ளை என்று ராகிக் களி, கட்டித் தயிர், நெய் ஊற்றிய பருப்பு என்று பார்த்துப் பார்த்துப் போட்டேன். முதலில் வாரி வாரித் தின்றான். பெரிய போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது தட்டை நகர்த்த ஆரம்பித்தான். "பசியில்லீங்க ஆத்தா." வெயில் காலம், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

போட்டி ஒரு சனிக்கிழமை, வேறொரு ஊர்ப் பள்ளி மைதானத்தில். தூக்குப்போசி நிறைய மோர் எடுத்துக்கொண்டு மகனோடு போனேன். உச்சிக்கு இன்னும் நேரம் இருந்தது, ஆனால் வெயில் சுட்டது. அந்த வெயிலில் எங்கள் பையன்கள் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். இதுவும் ஒரு பயிற்சி போலிருக்கிறது என்று நினைத்தேன். சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒருவன் மட்டும் பாட்டிலுக்குள் எச்சில் துப்பிக்கொண்டே இருந்தான்.

"ஏண்டா, வெத்தல போட்ட கெழவனாட்டத் துப்பிக்கிட்டு! நாலு பேரு பாக்கற எடமல்ல?"

நிமிர்ந்து பார்த்தான். உதடு வெடித்திருந்தது.

"எச்சலும் எடைதானுங்க ஆத்தா. எட்டுப் பேரும் சேந்து இத்தனை கிலோவுக்குள்ள இருக்கோணும். கூடிப்போச்சுன்னா வெளியேத்திருவாங்க. நாங்க இன்னும் கொஞ்சம் கூடுதலா இருக்கறமுங்க."

"அதுக்கு?"

"நேத்து மத்தியானத்துல இருந்து ஆரும் தண்ணி குடிக்கலீங்க. அந்தக் கோட்டும் வேத்துக் கொட்டத்தானுங்க."

சந்தையில் மாடு விற்கிறவன் உப்பைக் கொடுத்துத் தண்ணீர் காட்டி வயிற்றை நிரப்பிக் கொண்டுவருவான். அந்த ஏமாற்று வேலையை அறுபது வருஷமாகப் பார்த்திருக்கிறேன். வளர்கிற பிள்ளையை வற்ற வைத்துத் தராசில் நிறுத்துகிற வேலையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பேரன் ஓடி முடித்து வந்தான். கண் உள்ளே போயிருந்தது. கழிச்சல் கண்ட கன்றுக்குக் கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்ப்போம். உடம்பில் தண்ணீர் இருந்தால் தோல் உடனே படிந்துவிடும், வற்றியிருந்தால் அப்படியே நிற்கும். அவன் புறங்கையைக் கிள்ளி விட்டேன். தோல் நின்றது. என் கையில் நின்றால் வயசு என்று விடலாம். பதினாறு வயசுக் கையில் நின்றது.

போசியைத் திறந்து நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அக்கட்டால கொண்டு போங்க ஆத்தா. நான் ஒரு டம்ளர் குடிச்சா ஏழு பேரும் வூட்டுக்குப் போவோணும்."

மாஷ் ஓடி வந்தார். "பயப்படாதீங்க அம்மே, எல்லா டீமும் செய்யறதுதான். எடை பார்த்ததும் குடிக்கலாம். ஒரு மணிக்கூர்தானே! ஸ்டேட் வரைக்கும் போனா பரீட்சையில கிரேஸ் மார்க் கிடைக்கும்."

மகன் என் முகத்தைப் பார்த்தான். "நீங்க என்னங்கம்மா சொல்றீங்க? கூட்டிக்கிட்டுப் போயர்லாமா?"

அப்போது நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். கன்றாக இருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் திங்கட்கிழமை சொசைட்டியில் என்ன சொல்வது என்றுதான் எனக்குத் தோன்றியது. "போகட்டும், ஒரு மணி நேரந்தானே," என்றேன். என் வாயால் சொன்னேன்.

எடை சரியாக வந்தது. எட்டுப் பேரும் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டார்கள். முதல் இழுப்பில் ஜெயித்தார்கள், கை தட்டினேன். இரண்டாவது இழுப்பு. இவன்தான் கடைசி ஆள், கயிற்றைத் தோளில் சுற்றிப் போட்டிருந்தான். பாதி இழுப்பில் இரண்டு காலும் இறுகிக் குப்புற விழுந்தான். எதிர்ப்பக்கம் இழுக்க இழுக்க மண்ணில் முகம் உரச இழுபட்டுப் போனான். விசில் ஊதி நிறுத்தி நாங்கள் புரட்டியபோது கண் திறந்துதான் இருந்தது. என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் குளுக்கோஸ் ஏறியது. சிறுநீரகம் தப்பியது என்றார் டாக்டர். "தண்ணி குடிக்கலைன்னு வீட்டுல யாருக்கும் தெரியாதா?" என்று கேட்டார். மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்குத் தெரியுமுங்க," என்றேன்.

மருமகள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இப்போது ஊரில் ஆளாளுக்கு, வயசுப் பையன்களை விளையாட்டுக்கு அனுப்பினால் இப்படித்தான் என்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கயிறு அவனுக்கு நல்லதைத்தான் செய்தது. கெடுத்தது தராசு, அதைச் சுற்றி நின்ற பெரியவர்கள், அதில் நானும் ஒருத்தி. பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்த மாஷிடம் சொன்னேன்: "இருக்கற ஒடம்புக்குத் தக்க பிரிவுல நிறுத்துங்க சார். பிரிவுக்குத் தக்கன புள்ளைய வத்தப் போடாதீங்க."

"மேல் பிரிவில நின்னா தோல்விதான் அம்மே."

"தோக்கட்டுமே. தோத்த புள்ளைக்கு நாங்க சோறு போட மாட்டமா?"

அவர் பழத்தை வைத்துவிட்டுக் கிளம்பினார். பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் கிடந்தது மற்ற ஏழு வீட்டிலும் இன்னும் தெரியாது. பையன்கள் வாய் திறப்பதில்லை. இவனோ மறுபடி இழுக்கப் போகிறேன் என்று நிற்கிறான். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. நடந்ததை எழுதி எடுத்துப் போய் அங்கே எல்லோருக்கும் தெரியும்படி படிக்க வேண்டும், எடைக்காகப் பட்டினி கிடையாது என்று மாஷ் அங்கேயே ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகுதான் இவன் இழுக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போடுவேன் என்கிறாள் மருமகள். இந்த முறை அவள் பேச்சுத்தான் பேச்சு. கூட்டாளிகள் காட்டிக்கொடுத்தவன் என்பார்களே என்றுதான் இவன் எழுத மறுத்தான். சொல்கிறது உன் ஆத்தா, நீ வெறும் கைதான் என்றேன். அப்புறம்தான் பேனாவை எடுத்தான்.

எழுதிப்போட்டியா சாமி? செரி, மொதல்ல இருந்து படி. நான் "போகட்டும்"னு சொன்னதை நீ எனக்காக உட்டுப்போட்டியான்னு பாக்கோணும்.