மணமேல்குடி வரை ஒரு பயணம்: வலப்பக்கம் திரும்பினால் மட்டும் வந்த கோளாறு

புரட்டாசி முதல் வாரத்தில் நான் மணமேல்குடிக்குப் போனது கடல் பார்க்க அல்ல. திருச்சியில் டிராக்டர்களின் தானியங்கி ஸ்டியரிங்கைப் பழுது பார்ப்பது என் வேலை. சொந்த டிராக்டரில் மற்றவர்கள் வயலிலும் கூலிக்கு விதைத்துக் கொடுக்கும் செல்வி என்ற விவசாயி முந்தின நாள் போன் செய்தார்.

"நாளான்னைக்கு மழைங்கிறாங்க மேடம். அதுக்குள்ள காஞ்ச மண்ணுல விதைக்கலைன்னா புழுதி விதைப்பே போச்சு. நாலு பேர் வயலுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

காலை ஆறு மணிக்குப் பேருந்து. எதிரே கீரனூர்ப் பக்கமிருந்து திருச்சி வேலைக்கு வருகிறவர்கள் படியில் தொங்கிக்கொண்டு வந்தார்கள்; எனக்கோ சன்னலோர இருக்கை. புதுக்கோட்டை, அறந்தாங்கி இரண்டிலும் மாறி, சுமார் 120 கிலோமீட்டர் கடந்து இறங்கும்போது பத்து மணி தாண்டிவிட்டது. செல்வி ஸ்கூட்டரில் வந்து வயலுக்கு அழைத்துப் போனார்.

டிராக்டரின் திரையில் சக்கரக் கோண சென்சாருக்கான கோளாறு எண். முன்பு வந்த மெக்கானிக் சென்சாரை மாற்றியும் அதே எண்.

"இப்ப கன்ட்ரோல் பெட்டியையே மாத்தணும்னுட்டாங்க. வர பத்து நாளாகுமாம்" என்றார் செல்வி.

வயல்காரர் கருப்பையா வரப்பில் பொறுமையிழந்து நின்றார். "மேடம், வேற வண்டி சொல்லிரவாங்க? வரிசை கோணினா பின்னாடி களையெடுக்கிற மெசின் இறங்காது."

"ஒரு மணி நேரம் குடுங்கண்ணே" என்றேன்.

செல்வி ஸ்டியரிங்கில் உட்கார, திரையிலிருந்த கோளாறு எண்ணை அழித்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டோம். சக்கரம் நேராக இருந்தபோது ஒன்றுமில்லை. இடப்பக்கம் முழுக்கத் திருப்பியும் ஒன்றுமில்லை. வலப்பக்கம் கடைசி வரை ஒடித்ததும் பீப் என்று அதே எண் வந்தது. சென்சாருக்குப் போகும் பிளக்கில் மீட்டரை மாட்டிவிட்டுத் தள்ளி நின்றேன்.

"இன்னொரு தடவை வலது பக்கம் ஒடிங்க."

ஐந்து வோல்ட் சட்டென்று பூஜ்ஜியமானது. சென்சாருக்கு மின்சாரமே போய்ச் சேரவில்லை. எதை மாற்றினால் என்ன! இன்ஜினை அணைத்து, இருவரும் அடியில் படுத்து ஒயரைத் தடவிக்கொண்டே போனோம். முன் அச்சுக்குப் பின்னால் கிளிப் உடைந்து, வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒயர் இழுபட்டிருக்கிறது. டேப்பைப் பிரித்தால் உள்ளே செம்பு பச்சைபிடித்து இற்றுப்போயிருந்தது.

"உப்புக் காத்து மேடம், இங்க எல்லாத்தையும் தின்னுரும்" என்றார் செல்வி.

கெட்ட பகுதியை வெட்டி, நல்ல ஒயர் வைத்து இணைத்து, தண்ணீர் புகாதபடி மூடி, தளர்வாகக் கட்டினேன். கன்ட்ரோல் பெட்டியை மாற்றத் தேவையிருக்கவில்லை. இடம், வலம், நேர் மூன்றையும் திரையில் மறுபடி பதிவு செய்தபின் செல்வி பொத்தானை அழுத்தினார். வயலின் மறுகோடி வரை ஸ்டியரிங் தானாக அசைந்து அசைந்து வண்டியை ஓட்டிப்போனது. அங்கே வலப்பக்கம் ஒடித்துத் திரும்பியும் கோளாறு எண் வரவில்லை. விதை விழுந்த கோட்டின் மேலேயே கருப்பையா கடைசி வரை நடந்து பார்த்தார்.

"ஆத்தாடி, நூல் புடிச்ச மாதிரில்ல இருக்கு! அப்படியே அங்கிட்டு மேலவயலையும் முடிச்சிருங்க."

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தியும் விட்டேன்.

கடலோர ஊர்களுக்கு இந்த வேலையாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கோளாறு எண் எந்த வழியில் தகவல் அறுபடுகிறது என்றுதான் சொல்லும், எந்தப் பாகம் செத்தது என்று சொல்லாது. சக்கரம் நேராக இருக்கும்போது மட்டும் சோதித்துவிட்டுத் திரும்பாதீர்கள். மீட்டரோடு கொஞ்சம் நல்ல ஒயரும் பையில் இருக்கட்டும். அறந்தாங்கிப் பேருந்து நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் கிளம்பியபோது செல்வி மேலவயலில் பாதியைத் தாண்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடும் டிராக்டரிலிருந்து கையசைத்தார், இரண்டு கைகளையும் தூக்கி.