சத்தம் மட்டும் வந்த கல்யாணம்

என் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் போகவில்லை. எங்கள் ஊர் மார்டள்ளியில் அவளுக்குப் பந்தல் போட்ட அன்றைக்கு இங்கே மைசூரில் என் பையனுக்கு உடம்பெல்லாம் அம்மை. அம்மை கண்ட வீட்டிலிருந்து யாரும் கல்யாண வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. நானும் போகவில்லை, என் வீட்டுக்காரரும் போகவில்லை. எனக்கென்று கூடப்பிறந்தது அவள் ஒருத்திதான். தலை பின்னி, பூ வைத்து, நான்தான் அவளை ஜோடித்து மணவறைக்கு அனுப்பணும் என்று அத்தனை ஆசை வைத்திருந்தேன். பையனுக்கு வேப்பிலையால் தடவிக் கொடுத்துக்கொண்டே அன்றைக்கு முழுக்க அழுதேன்.

அந்த வருஷம் தசராவுக்கு அவள் புருஷனோடு விருந்துக்கு வந்தாள். கையில் கல்யாண வீடியோ கேசட். இருந்ததே ஒரு கேசட்தான். பத்திரமாகத் திருப்பிக் கொண்டு வரணும் என்று மாமியார் ஆயிரம் தடவை சொல்லிக் கொடுத்தாளாம். விஜயதசமி சாயங்காலம் அவளும் கேசட்டும் கொள்ளேகால் பஸ் ஏறிவிடுவார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது தன் வீடியோ டெக்கை எங்களிடம் கொடுத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார். தங்கச்சி புருஷன் என் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு யானை ஊர்வலம் பார்க்கப் போய்விட்டார். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். என் வீட்டுக்காரர் டிவிக்குப் பின்னால் புகுந்து, மஞ்சள் ஒயரை மஞ்சள் ஓட்டையிலும் வெள்ளை ஒயரை வெள்ளை ஓட்டையிலும் சொருகிவிட்டு, "ஆச்சு, போடு" என்றார்.

போட்டேன். நாதஸ்வரம் கணீரென்று வந்தது. படம் வரவில்லை. திரை முழுக்க நீலம்.

கொஞ்ச நேரத்தில் மேளம் நின்று, அவள் குரல் வந்தது. "அக்கா, இங்க பாரு! மேல இல்ல, கீழ பாரு!" அதோடு ஒரே சிரிப்பு.

"என்னடி கீழ? என்னத்தைப் பாக்கறது?" என்றேன்.

"பாத்தாத் தெரியும்," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். அடம்னா அப்படி ஒரு அடம். எவ்வளவு கெஞ்சியும் வாயைத் திறக்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் ஃபிட்டர். ரிப்பேர் என்று வந்துவிட்டால் யாரையும் கிட்டே அண்ட விடமாட்டார். "இரு, ஒந்து நிமிஷ" என்று கன்னடத்தில் சொன்னாரென்றால் ஒரு மணி நேரம் ஆகும் என்று அர்த்தம். முதலில் ரிமோட்டைத் தட்டினார். அப்புறம் ஒயர்மேல் சந்தேகம் வந்து இரண்டையும் இரண்டு முனையிலும் மாற்றிச் சொருகினார். அப்போதும் சத்தம் வந்தது, படம் வரவில்லை. அப்படியென்றால் ஒயர் நல்ல ஒயர் என்று பழையபடியே சொருகினார். டெக்கா? முந்தின நாள்தான் பக்கத்து வீட்டில் அதில் படம் பார்த்தார்கள். கடைசியில் என்மேல் வந்தார். "நீ ஈரத்துணி போட்டுத் துடைச்சிருப்பே."

"ஆமா, டிவியைத் தூக்கிக் குளிப்பாட்டி விட்டேன்! கடைக்காரனைக் கூப்பிடுங்க."

"விஜயதசமிக்கு எந்தக் கடை திறந்திருக்கும்?"

அதுவும் நிஜம்தான். மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. தங்கச்சி பையை அடுக்க ஆரம்பித்தாள். எனக்குத் தாங்கவில்லை. "நகருங்க அங்கிட்டு" என்று அவரைத் தள்ளிவிட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டார்ச்சோடு நானே பின்னால் புகுந்தேன்.

வெள்ளை ஒயர் அடிவரைக்கும் போயிருந்தது. மஞ்சள் ஒயர் பாதியிலேயே நின்றிருந்தது.

"இது ஏனுங்க முழுசாப் போகலை?"

"புது டிவி, டைட்டாத்தான் இருக்கும்."

ஒயரை உருவிப் பார்த்தேன். மஞ்சள் வளையத்துக்கு நடுவே இருக்க வேண்டிய ஓட்டையைக் காணோம். அதுவும் மஞ்சளாக, வழவழவென்று அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன். சந்தனம்!

"ஏனுங்க, நேத்து டிவிக்கு எங்க பொட்டு வெச்சீங்க?"

முந்தின நாள் ஆயுத பூஜை. ஃபேக்டரியில் ஒரு மெஷின் விடாமல் பொட்டு வைக்கிறவர், வீட்டில் மட்டும் விடுவாரா? சைக்கிள், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, தையல் மெஷின், ஒன்றையும் விடவில்லை. டிவிக்கு அதுதான் முதல் பூஜை. முன்னால் கண்ணாடியில் வைக்கக் கூடாது என்று கத்தியது நான்தான்.

"பின்னாடிதான் வெச்சேன்," என்றார் சுரத்தே இல்லாமல். "மஞ்ச ஓட்டை மங்களகரமா இருந்துச்சு. நல்லா வட்டமாவும் இருந்துச்சு."

தங்கச்சி பையைப் போட்டுவிட்டுத் தரையில் உருண்டு சிரித்தாள். நான் தாலியில் இருந்த ஊக்கைக் கழற்றிச் சுரண்ட ஆரம்பித்தேன். "பூஜைப் பொட்டு, அதுவா உதிரணும். கையால எடுக்கக் கூடாது," என்று அவர் முனகினார். ஊதித் தட்டி ஒயரைச் சொருகினேன். இந்தத் தடவை அடிவரைக்கும் போனது. பிளக்கை மாட்டி, கேசட்டை அந்த இடத்துக்கே பின்னால் சுற்றிப் போட்டேன்.

படம் வந்தது. சிவப்புப் பட்டில், மாலையோடு என் தங்கச்சி! "அக்கா, இங்க பாரு!" என்று சிரித்துக்கொண்டே புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினாள். இரண்டு காலிலும் என் கொலுசு.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஒரு கொலுசைத் தொலைத்திருந்தேன். ஒற்றைக் கொலுசு எனக்கெதற்கு என்று கோபத்தில் மற்றதையும் அங்கேயே வீசிவிட்டு வந்தவள் நான்.

"சோளப் பானைக்குப் பின்னாடி கிடைச்சுதுக்கா," என்றது டிவியில் இருந்தவளின் குரல். "நீ வராட்டி என்ன, உன் கொலுசு என்கூட மணவறைக்கு வருது பாரு."

நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் தன் பைக்குள்ளிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து என் மடியில் வைத்தாள். "இந்தா, உன்னுது. நீ படத்தைப் பாத்த அப்புறந்தான் குடுக்கணும்னு இருந்தேன்."

வாசலில் அவள் புருஷன் வந்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று குரல் கொடுத்தார். நான் அவளைப் பிடித்து உட்கார வைத்து, ஒரு காலை இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். "சும்மா இருடி. உன்னை நான்தான் ஜோடிக்கணும்," என்று சொல்லி, இரண்டு காலிலும் அந்தக் கொலுசை மாட்டி, திருகாணியை நானே இறுக்கமாகத் திருகி விட்டேன். அவர்கள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அந்தக் கொலுசுச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.