வாய்மொழித் தேர்வுக்குப் போன அண்டா

காலை 7.15. திருக்காட்டுப்பள்ளி பேருந்து நிலையம். தஞ்சாவூருக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். பதினோரு மணிக்கு அங்கே எனக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. ஆய்வுத் தலைப்பு, பழைய இங்கிலாந்தின் ஆங்கிலோ-சாக்சன் மக்களிடையே கிறிஸ்தவம் வேரூன்றிய கதை. தேறாவிட்டால் ஆறு வருட உழைப்பு ஆற்றோடு போகும்.

அழைப்பிதழில் ‘அனைவரும் வருக’ என்று வழக்கம்போல அச்சடித்திருந்தார்கள். எங்கள் மாதா கோவில் தெரு அதை அப்படியே நம்பிவிட்டது. இருபது பேர் கிளம்பி வந்துவிட்டார்கள். சித்தி புது அரிசிப் பொங்கலை அண்டாவோடு தூக்கி வந்திருந்தாள். எனக்கு மானமே போயிற்று.

“என்னங்க, கல்யாணமா?” என்றார் நடத்துநர்.

“பரீட்சைங்க” என்றாள் சித்தி.

பெண்களுக்குக் கட்டணமில்லை. அண்டாவுக்கு மட்டும் இருபது ரூபாய் லக்கேஜ் கிழித்தார். வழியெல்லாம் சம்பா அறுவடை. கண்டியூர் தாண்டும்வரை நான் அடிக்குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

11.00. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மையார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“போப்பாண்டவர் ரோமிலிருந்து, இங்கிலாந்துக்குப் போன பாதிரிமாருக்கு என்ன எழுதினாரு? பழைய கோயிலை இடிக்காதீங்க, தீர்த்தம் தெளிச்சுத் தேவாலயமாக்குங்க. மாடு வெட்டி விருந்து வைக்கிறவங்க, கர்த்தருக்கு நன்றி சொல்லிச் சாப்பிடட்டும்னு. அப்புறம் என்னதாம்மா மாறிச்சு?”

நூறு அடிக்குறிப்பு கையில் இருந்தும் வாயில் வந்தது எங்கள் தெருதான். எங்கள் தெருவில் புது நெல்லுக்குப் பொங்கல் வைப்பது அன்றும் உண்டு, இன்றும் உண்டு. கிறிஸ்தவத்துக்கு வருமுன் களத்துமேட்டில், இப்போது மாதா கோவில் வாசலில் என்றேன்.

“இடம் மாறினாப் போதுமா?”

அவையோரும் பேசலாம் என்பது இந்தத் தேர்வின் விதி. பின்வரிசையில் சித்தி எழுந்துவிட்டாள்.

“அப்பல்லாம் மிராசுதார் வீட்டுப் பங்கு போனப்புறம் மிச்சந்தாங்க எங்களுக்கு. இப்ப யாரு முன்னால நிக்கிறாங்களோ அவங்களுக்கு மொதக் கரண்டி.”

சித்தி சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். “கடிதமும் அதைத்தான் சொல்லுதுங்க. படையலுக்கு வெட்டினதை இனி உங்க பசிக்கு வெட்டிச் சாப்பிடுங்கன்னு. முதல் பங்கு யாருக்குன்னு மாறினா எல்லாமே மாறிச்சுன்னு அர்த்தம்.”

அம்மையார் சிறிது நேரம் எழுதினார். பிறகு எழுந்து, பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார். என் தெரு கைதட்டிய தட்டலில் அடுத்த வகுப்பு எட்டிப் பார்த்தது. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

மாலை 4.10. திரும்பும் பேருந்து. காலடியில் காலி அண்டா. இங்கிலாந்தை நான் இன்னும் பார்த்ததில்லை. என்றாவது அங்கே தாய்க்கோயிலான கேன்டர்பரி பேராலயத்துக்குப் போனால் வாசலில் நின்று வேடிக்கை பார்க்க மாட்டேன். பங்காளி வீட்டுக்குப் போகிறவள்போல் நேரே உள்ளே போவேன்.