அம்மா ரயிலேறிய நாளும் ஒரு முன் சக்கரமும்

டிக்கோயாவைத் தாண்டி ஒரு வளைவு. மழை தூறிக்கொண்டிருக்கிறது. சாலையோரத்தில் முழங்கால் வரை சேறு பூசிய என் கணவர், மோட்டார் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்து, முன்பக்கத்தை மேலும் கீழுமாக அமுக்கிக்கொண்டிருக்கிறார். நான் பக்கத்தில் நின்று முன் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்கிறேன். அட்டன் ஸ்டேஷனுக்கு அந்நேரம் என் அம்மாவின் ரயில் வந்துகொண்டிருக்கிறது. அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. ஆனாலும் அந்த வண்டி அமுங்கி எழும்பும்போது வந்த எண்ணெய் மணம்கூட எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அவர் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் டிஸ்பென்சர். லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர் சனங்களுக்கு மருந்தையா. நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. வீட்டிலும் அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். தோட்டத்தின் தூரத்துப் பிரிவுகளான டிவிசன்களுக்கு நோயாளிகளைப் பார்க்கப் போவதற்காகத் தோட்டத்தில் அவருக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் பின்னால் உட்கார்ந்து நான் பார்க்காத மலை அந்தப் பக்கத்தில் இல்லை.

கல்யாணமான இரண்டாம் வருசம் அந்த வண்டியிலிருந்து விழுந்தோம். அதற்கு முதல் நாள்தான் அவர் முன் டயரை மாற்றியிருந்தார். சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்கும் போர்க்குக் கால்களின் அடியில் உள்ள போல்ட்டுகளை, ஸ்பேனரில் ஒரு குழாயைச் செருகி, பலங்கொண்ட மட்டும் இறுக்கியிருந்தார். இறுக்கம்தான் பத்திரம் என்று நினைத்திருந்தார். நோர்வுட்டுக்கு இறங்கும் சாலையில் ஒரு பள்ளம் வந்தது. அமுங்க வேண்டிய முன்பக்கம் அமுங்காமல் விறைத்து நின்று, இடப்பக்கம் இழுத்தது. தேயிலைக்கு நடுவே மழைநீர் ஓடும் கானுக்குள் கிடந்தோம். அவருக்குச் சிராய்ப்பு. எனக்கு இடது மணிக்கட்டு முறிந்துபோனது. தன் கையாலேயே மட்டை வைத்துக் கட்டினார்.

செய்தி கேட்டுத் தலவாக்கலையிலிருந்து அம்மா பஸ்ஸில் வந்து இறங்கினாள். கொழுந்து பறித்தே எங்களை வளர்த்தவள். வந்தவள் மருமகனைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்:

"மருந்து குடுக்கிற ஆளுன்னுதான் பொண்ணக் குடுத்தேன். எலும்ப ஒடைக்கிற ஆளுன்னு யாரும் சொல்லல."

அதன் பிறகு அவள் அவரோடு நேராகப் பேசவேயில்லை. "அவர சாப்பிட வரச் சொல்லு", "அவருக்குத் தண்ணி வேணுமான்னு கேளு" என்று எல்லாம் என் வழியாகத்தான். என் கை சேர்ந்து, சற்றுக் கோணலாகவே நின்றுவிட்டது. அம்மாவின் மௌனமும் அப்படியே நின்றுவிட்டது. அவர் இதைப் பற்றி ஒரு சொல்கூடக் குறை சொன்னதில்லை. நியாயம்தானே என்பது போல இருந்துவிட்டார்.

ஆனால் வண்டியை விடவில்லை. கிடைத்த ஓய்வு நேரமெல்லாம் வராந்தாவில் முன் சக்கரத்தைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். கட்டுப் போட்ட கையோடு நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் திடீரென்று, "டீச்சர், இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். தரையில் படாமல் சக்கரம் தொங்கும்போதே அடிப் போல்ட்டுகளை இறுக்கினால், ஒரு கால் உள்பக்கமாக இழுபட்டு, அப்படியே சிக்கிக்கொள்கிறது. அதுதான் எங்களை விழுத்தியது. முதலில் அச்சை மட்டும் இறுக்க வேண்டும். அடிப் போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, சக்கரத்தைத் தரையில் இறக்கி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்பக்கத்தை நன்றாக அமுக்கி எழுப்ப வேண்டும். கால்கள் இரண்டும் தாமாகவே நேராகிக்கொள்ளும். அதன் பிறகுதான் போல்ட்டுகள், அதுவும் இதில் கொஞ்சம், அதில் கொஞ்சமாக.

"அது அது எடத்துல போய் நிக்கிறதுக்கு நாமதான் கொஞ்சம் விட்டுக் குடுக்கணும். நான் விடல" என்றார்.

பிறகு வருசங்கள் போயின. அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்தது. அம்மாவும் அவனோடு முசிறிப் பக்கம் போவதென்று முடிவாயிற்று. முந்தின வாரமே தலவாக்கலைக்குப் போய் அழுது முடித்துவிட்டு வந்திருந்தேன். ஆனாலும் ரயில் அட்டனில் நிற்கும்போது இன்னொரு தரம் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று மனம் கிடந்து தவித்தது. காலையில் நோயாளிகளைப் பார்த்து முடித்துவிட்டு அவர் வண்டியை எடுத்தார். அம்மாவின் இருமலுக்குத் தானே கலந்த மருந்துப் போத்தலைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

டிக்கோயா வளைவில் முன் டயரில் காற்றுப் போனது.

எஞ்சினுக்கு அடியில் கல்லடுக்கி, சக்கரத்தைக் கழற்றி, டியூப் மாற்றி, மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார். அப்போது அட்டன் பஸ் வந்தது. அவரே கையைக் காட்டி நிறுத்தினார். "டீச்சர், நீங்க ஏறிப் போங்க. அம்மாவப் பாத்துருங்க. நான் பின்னாடி வர்றேன்" என்று சொல்லி, மருந்துப் போத்தலை என் கையில் திணித்தார். நானும் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால், அவர் மறுபடியும் சக்கரத்துக்கு முன்னால் மண்டி போட்டுவிட்டார். நான் தனியாகப் போய் நின்றால் அம்மா என்ன நினைப்பாள் என்று ஒரு கணம் தோன்றியது. கடைசி நாளிலும் அந்த மனிதர் வரவில்லை என்றுதானே. அந்த நினைப்போடு அவள் கடல் தாண்ட வேண்டாம். "ஏறுறீங்களா, எறங்குறீங்களா?" என்று கண்டக்டர் கத்தினார். இறங்கினேன்.

அவர் திட்டினார். வாழ்நாளில் என்னை அவர் திட்டிய சில தடவைகளில் அது ஒன்று. "பைத்தியமா ஒங்களுக்கு? ரயில் போயிரும்!"

"போனா போகட்டும். இறுக்குங்க."

"அவசரமா இறுக்க மாட்டேன்."

"யாரு அவசரமா இறுக்கச் சொன்னா? நான் பிரேக்கப் பிடிக்கிறேன், நீங்க அமுக்குங்க."

கைப்பிடியைப் பிடித்து அமுக்கினார். ஒவ்வொரு போல்ட்டாக, மாற்றி மாற்றி, இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக வரும்வரை இறுக்கினார். தூரத்தில் ரயில் ஊதுவது போல எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அட்டனில் ரயில் இல்லை. "இப்பத்தாங்க போச்சு" என்றார் மூட்டை தூக்குகிறவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கீழ வட்டவளை ஸ்டேஷனுக்கு ஓடுங்க. எதிர் ரயிலுக்காக அங்க நிக்கும்" என்றார்.

அந்த இறக்கத்தில் அவர் அவ்வளவு வேகமாக ஓட்டி அதற்கு முன்பும் பின்பும் நான் கண்டதில்லை. ஈரச் சாலை, வளைவுக்கு மேல் வளைவு, மழை கரைத்த பள்ளங்கள். முன் சக்கரம் ஒவ்வொரு பள்ளத்திலும் அமுங்கி, எழுந்து, நேராகப் போனது. நான் கண்ணை மூடவில்லை.

வட்டவளையில் ரயில் நின்றுகொண்டிருந்தது. அம்மா ஜன்னலில் இருந்தாள்.

"அட்டன்ல ஒன்னத் தேடித் தேடிப் பாத்தேன்டி..."

"டிக்கோயாவுல டயர் போயிருச்சும்மா. கழட்டி மாட்டிட்டு வர்றோம்."

அம்மா எனக்குப் பின்னால் பார்த்தாள். அவர் தயங்கித் தயங்கி வந்தார். நான் நீட்டிய போத்தலை வாங்கி, "அத்தை, இருமலுக்கு. மூணு வேளையும் ஒரு கரண்டி" என்று ஜன்னலுக்குள் கொடுத்தார். கையெல்லாம் கிரீஸ். அம்மா போத்தலை மடியில் வைத்துவிட்டு, அந்தக் கறுத்த கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவாக் கூட்டிட்டுப் போங்க மாப்ள. இனி என்ன அவசரம்?"

எதிர் ரயில் வந்துவிட்டது. அம்மாவின் ரயில் நகர்ந்தது. அவர் நீட்டிய கையைக் கீழே இறக்காமல் நெடுநேரம் நின்றார். பிறகு ஸ்டேஷனுக்கு வெளியே தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். அவர் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. "மாப்ளன்னு சொன்னாங்க டீச்சர்" என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதையே சொன்னார்.

இரண்டு வருசத்தில் அம்மா இறந்த செய்தி முசிறியிலிருந்து வந்தது. அவரும் போய்ப் பல காலமாகிறது. சென்ற மாதம் கொழும்பில் இருக்கும் மகள் வீட்டுக்கு ரயிலில் போனேன். வட்டவளையில் வண்டி நின்றது. ஜன்னலோரத்தில் நான். எத்தனையோ தடவை இந்த வழியாகப் போயிருக்கிறேன். ஆனால் அம்மா இருந்த இடத்திலிருந்து அந்தப் பிளாட்பாரத்தைப் பார்க்க வேண்டும் என்று அன்றுதான் தோன்றியது. மழையில் நனைந்து மூச்சு வாங்க நிற்கும் இரண்டு பேர். ஒருத்தியின் கை கோணல். ஒருவரின் கை கறுப்பு. கழற்றி மாட்டிய வண்டியில் வந்தும் இரண்டு பேர் மேலும் ஒரு காயமில்லை. அம்மா அதைத்தான் பார்த்திருக்க வேண்டும். பார்த்துவிட்டு, நிம்மதியாகப் போயிருக்க வேண்டும்.